நடுவே எதிர்முனை

வியாழக்கிழமைகளில் விவேக் நகர்க் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகள் எளிதில் நகர்வதில்லை. நவநாள் வழிபாட்டுக்கு வருவோரும் மெழுகுவர்த்தி விற்போரும் பூ விற்போருமாக அப்பகுதி நாள் முழுவதும் நிரம்பியிருக்கும். அங்கிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு குறுக்குத் தெருவில், எட்டடிக்குப் பத்தடி அளவில் ஒரு பழுதுபார்க்கும் கடை உள்ளது. வியாழனன்று அங்கு வரவு குறைவு. ஆகவே வாரம் முழுவதும் ஒத்திப்போட்ட நுண்வேலைகளைக் கடைக்காரர் அன்றுதான் கையிலெடுப்பார். அத்தகைய ஒரு வியாழனன்று, நாற்பது வயதைக் கடந்த ஒருவர் துணிப்பை ஒன்றுடன் கடைவாசலில் வந்து நின்றார்.

பையிலிருந்து வெளிவந்தது ஒரு பழைய வீடியோ கேம். வெள்ளை நெகிழி மஞ்சளாகப் பழுத்திருந்தது. கருஞ்சிவப்பு விளிம்பு மட்டும் நிறம் மாறாதிருந்தது.

"அப்பா அம்மா இருந்த வீட்டைக் காலி பண்றோம்ணா. பரண்ல கெடந்துச்சு. ஓட்டிக் காட்டுன்னு பொண்ணு கேக்குறா. இதுல யுஎஸ்பி-சி போட்டுக் குடுக்க முடியுமா? வீட்ல இருக்கிற சார்ஜர் எல்லாம் அதுதான்."

கடைக்காரர் கருவியைத் திருப்பிப் பார்த்தார். அடிப்புறத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஓர் எழுத்து எழுதப்பட்டிருந்தது. பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டிவைக்கும் வழக்கத்தின் நீட்சியாக, கடைக்குக் கொடுக்கும் பொருள்களில் இவ்வாறு அடையாளமிடும் தாய்மார்கள் அப்பகுதியில் ஒரு காலத்தில் பலர் இருந்தனர். ஆயினும் இவ்வெழுத்தை அவர் முன்னரே கண்டிருக்கிறார். மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, செட்-டாப் பாக்ஸ் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கடந்துபோன கைகளுக்கு இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை.

"வெச்சுட்டுப் போங்க தம்பி. சனிக்கிழமை வாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் கருவியின் நகல் அது. ஃபேமிகாம் என்பது அசலின் சுருக்கப்பெயர். அசல் சென்றடையாத நாடுகளுக்கெல்லாம் நகல் சென்றது. ரஷ்யாவில் அது டெண்டி என்ற பெயரில் ஒரு தலைமுறையையே வளர்த்தது. இந்தியக் கடைகளில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் எனும் பெயர்களில் இக்குடும்பத்துக் கருவிகள் கிடைத்தன. வளைகுடாவில் வேலைபார்த்தோர் விடுமுறைக்கு வருகையில், தைலப் புட்டிகளுக்கும் டேப் ரெக்கார்டர்களுக்கும் நடுவே, தயாரித்தவர் யாரென்றே தெரியாத பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தவையும் உண்டு. பின்னர் 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாகச் சேகாவின் மெகா டிரைவ் முறையாக இந்தியாவுக்கு வந்தது. அதன் விலை 18,000 ரூபாய். விவேக் நகரிலும் நீலசந்திராவிலும் ஆஸ்டின் டவுனிலும் வாழ்ந்த பெரும்பாலான குடும்பங்களுக்கு அது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கும் பொருள். வளைகுடாப் பெட்டியே அவர்களுக்கு வாய்த்தது.

இக்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளையாட்டுகளைப் பற்றியே பேசுவர். பழுதுபார்ப்பவனின் பார்வை வேறு. அவனுக்கு முதலில் தெரிவது, 5 வோல்ட். அப்பெட்டிக்குள் உள்ள சில்லுகள் அனைத்தும் 5 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. மிகுந்தாலும் குறைந்தாலும் முறைதவறினாலும் தாங்காதவை. சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ட் மாறுமின்சாரம். இவ்விரண்டுக்கும் இடையே இரு காவலர்கள். ஒன்று, அந்நாளில் மக்கள் எலிமினேட்டர் என்றழைத்த அடாப்டர். அது 230ஐ ஒன்பதுக்கோ பத்துக்கோ இறக்கும். இரண்டாவது, கருவிக்குள் ஓர் உலோகத் தகட்டில் திருகப்பட்டிருக்கும் 7805 என்னும் மூன்றுகால் ரெகுலேட்டர். மிகுதியை வெப்பமாக்கி வெளியேற்றிவிட்டு, தனக்குப் பின்னால் உள்ளவற்றுக்குச் சரியாக 5 வோல்ட்டை மட்டும் விடுவது அதன் வேலை. கருவி 0.4 ஆம்பியர் இழுத்தால், ஒன்பதுக்கும் ஐந்துக்கும் இடையிலான 4 வோல்ட் வேறுபாடு 1.6 வாட் வெப்பமாக அத்தகட்டில் ஏறும். பழைய கேம்களின் ஒரு பக்கம் எப்போதும் சூடாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஆட்டத்தின் தீவிரத்துக்கும் அச்சூட்டுக்கும் தொடர்பில்லை.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், 1993ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அதே கடையில் சொல்லப்பட்ட ஒரு பொய்.

அப்போது கடை அவருடைய தாய்மாமனுடையது. பலகையில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் ரேடியோ, டிவி ரிப்பேர் என்று எழுதியிருக்கும். இவருக்கு வயது பதினேழு. பள்ளிப் படிப்பு நின்றுபோன பிறகு மாமாவிடம் தொழில் பழக வந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. சால்டரிங் வைக்கத் தெரியும். வால்வு ரேடியோவின் எந்த முனையைத் தொடக்கூடாது என்பதும் தெரியும். மாமாவுக்கு ஒரே ஒரு கட்டளைதான்: "மீட்டர் வெக்காம எதையும் சொருகாதடா." பெரிய பொருள்களில் அக்கட்டளையை இவர் மீறியதில்லை. விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததால்தான் அன்று மீட்டரை எடுக்கவில்லை.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தாயுடன் வந்தான். தந்தை துபாயிலிருந்து அனுப்பிய கேமின் எலிமினேட்டர் முந்தைய இரவு மின்னழுத்தம் ஏறியதில் எரிந்துபோயிருந்தது. வேறொன்று கொடுத்தால் போதும்; கருவியில் பழுதில்லை. மாமா எஸ்.பி. ரோட்டுக்குப் பாகங்கள் வாங்கப் போயிருந்தார். கடையில் ஒரு மல்ட்டி எலிமினேட்டர் இருந்தது. அந்நாளில் எல்லாக் கடைகளிலும் இருந்த வகை: 3, 4.5, 6, 7.5, 9, 12 எனத் திருப்பித் தேர்ந்தெடுக்கும் ஒரு குமிழ். பக்கத்தில், பிளஸ் மைனஸை இடம் மாற்றும் ஒரு சின்னஞ்சிறு ஸ்விட்ச். குமிழை இவர் ஒன்பதில் வைத்தார். ஸ்விட்ச்சை அது இருந்தபடியே விட்டார்.

ஓசையோ புகையோ எழவில்லை. விளக்கு எரியவில்லை, அவ்வளவே. பிளக் சரியாக உட்காரவில்லை என்று எண்ணி அழுத்திப் பார்த்தார். கருவியின் ஸ்விட்ச்சைப் பலமுறை போட்டுப் பார்த்தார். சில நிமிடங்கள் கழிந்து, மெல்லிய வெப்ப வாடை வந்தபோதுதான் பெட்டியின் அடிப்பகுதியைத் தொட்டார், சுட்டது. பிடுங்கிவிட்டு, அந்தச் சிறு ஸ்விட்ச்சைப் பார்த்தார். அதை மறுபக்கம் தள்ளி மீண்டும் செருகினார். அப்போதும் விளக்கு எரியவில்லை.

அத்தாயிடம் அவர் சொன்னது இது: "ரொம்ப நேரம் ஆடியிருப்பான்க்கா. சூட்டுல ஐசி போயிருக்கு. இந்த ஐசி இங்க கிடைக்காது."

சிறுவன் ஒன்றும் பேசவில்லை. தாய் ஒரு துண்டில் கருவியைச் சுற்றி எடுத்துச் சென்றார். மாமா திரும்பி வந்தபோது இவர் எதையும் சொல்லவில்லை. கருவியைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பியனுப்பியதுதான் பின்னாளில் அவரை அதிகம் உறுத்தியது. பொய்யை அச்சத்தின் கணக்கில் எழுதிவிடலாம். நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்க்காததை எந்தக் கணக்கில் எழுதுவது?

தவறு முழுவதும் அந்தப் பதினேழு வயதுக்காரனுடையது என்றும் சொல்லிவிட இயலாது. வட்டப் பிளக்கின் நடுத்துளை நேர்முனையா எதிர்முனையா என்பதில் உலகம் இன்றுவரை உடன்பட்டதில்லை. ஃபேமிகாமின் அசல் அடாப்டர் 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர்; நடுவே எதிர்முனை. அதே நிறுவனம் 1985இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய என்இஎஸ் கருவிக்கு அளித்த அடாப்டரோ, உள்ளே அதே 5 வோல்ட் சில்லுகளே இருந்தும், 9 வோல்ட் மாறுமின்சாரத்தை அப்படியே வெளிவிடுவது. அதை ஃபேமிகாமில் செருகினால் கேடு நிச்சயம். பிளக் மட்டும் தடையின்றி உள்ளே போகும். சேகாவின் செய்கை இன்னும் விந்தையானது. மெகா டிரைவின் முதல் வடிவத்துக்கு நடுவே எதிர்முனை. இரண்டாம் வடிவத்துக்கு நடுவே நேர்முனை. பெயர் ஒன்று, கேசட் ஒன்று, மின்முனை மட்டும் தலைகீழ். நல்லவேளையாக அங்குப் பிளக்கின் அளவையும் மாற்றியிருந்தனர். மின்கித்தார் வாசிப்போர் காலால் மிதிக்கும் ஒலிப்பெட்டிகளிலும் பெரும்பாலும் நடுவே எதிர்முனைதான். ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறைபோல் ஒரு வளைவு, இருபுறமும் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி: அடாப்டரின் முதுகில் எறும்பளவில் அச்சிடப்பட்டிருக்கும் அந்தப் படம்தான் ஒரே எச்சரிக்கை. பெயரற்ற நகல்களில் அதுவும் இராது. இருந்தாலும் நம்ப இயலாது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே, ஒரு திருகுகூடக் கழற்றப்படாத கருவிக்கு மதிப்பு மிகுதி. பெங்களூரில் அத்தகைய கருவி ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். வந்த நாளிலேயே ஒவ்வொன்றும் ஏதோவொரு வகையில் மாற்றப்பட்டது. ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட்டுக்குரியது. அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்குரியது. அவற்றின் அடாப்டர்களை நேரே இங்குள்ள சுவரில் செருகியவர்கள் இரண்டாம் முறை செருக வாய்ப்புப் பெற்றதில்லை. அடாப்டரைக் கடந்தாலும் படம் வராது. நம் தொலைக்காட்சிகள் பால் முறையில், விநாடிக்கு 50 முறை படம் வரைபவை. அவையோ என்டிஎஸ்சி முறையில் 60 முறை. நிறமின்றி, மேலிருந்து கீழாக உருண்டோடும் படத்தை, டிவியின் பின்புறக் குமிழைத் திருகி நிறுத்திவைத்து, கருப்பு வெள்ளையிலேயே ஆடிமுடித்த பிள்ளைகள் இருந்தனர். வளைகுடாப் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கும் மின்னழுத்தம் நம்மோடு ஒத்தது, பால் டிவிக்கென்றே செய்த நகல்களும் அங்குக் கிடைத்தன. அவற்றை வீழ்த்தியது மாலை நேரத்து மின்சாரம்.

அந்நாளில் கர்நாடக மின்வாரியத்தின் கம்பிகளில் மாலை ஆறு மணிக்குமேல் அழுத்தம் சரிவது இயல்பு. 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 இருந்தால், ஒன்பது வோல்ட் தர வேண்டிய எலிமினேட்டர் ஏறத்தாழ ஆறரையே தரும். 7805 ஒழுங்காக வேலை செய்ய அதற்கு ஏழேனும் வேண்டும். அதற்குக் கீழே போகும்போது திரையில் அகன்ற பட்டைகள் மெதுவாக ஊர்ந்து ஏறும். பிறகு ஆட்டம் தானாகவே முதலிலிருந்து தொடங்கும். ஆறாம் கட்டத்தில் நின்ற பிள்ளை அழும். டிவிக்கு வாங்கிய ஸ்டெபிலைசரிலேயே கேமையும் இணைத்துத் தரும்படி மாமாவிடம் வந்தோர் பலர். மாமா சிலருக்கு எலிமினேட்டரையே பிரித்து, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிக் கொடுத்தார். மாலையில் அது பிழைக்கும். நள்ளிரவுக்குமேல் அழுத்தம் மீண்டும் ஏறுகையில், ரெகுலேட்டர் சுமக்கும் வெப்பம் இருமடங்கை நெருங்கும். ஆகவே, ஹீட் சிங்க்காக அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி உள்ளே திருகிவிடுவார். இவற்றை அவர் ஒருபோதும் 'மாடிஃபிகேஷன்' என்று அழைத்ததில்லை. ரிப்பேர் என்றே பில் எழுதினார்.

இன்று அச்சொல் வந்துவிட்டது. கோரமங்களாவிலிருந்தும் ஈஜிபுராவிலிருந்தும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் கடந்த சில ஆண்டுகளாகப் பழைய கருவிகளைத் தேடி வாங்கி அக்கடைக்குக் கொண்டுவருகின்றனர். வேண்டுவது என்ன என்பதை அலைபேசியில் படமாகக் காட்டுகின்றனர். ஆன்டெனா வழியே வந்த படத்தை விடுத்து நேரடி ஏவி இணைப்பு. உலர்ந்துபோன கெப்பாசிட்டர்களுக்கு மாற்று. 7805ஐ நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஸ்விட்ச்சிங் வகை ரெகுலேட்டர். பழைய துளையை அகழ்ந்துவிட்டு யுஎஸ்பி-சி.

கெப்பாசிட்டர் மாற்றுவதில் அவருக்கு மறுப்பே இல்லை. அது முதுமைக்குச் செய்யும் மருத்துவம். ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர் பற்றி அவர் கருத்து கலவையானது. அது வெப்பமின்றி வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் விநாடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திறந்து மூடும் அந்தச் சில்லின் இரைச்சல், வடிகட்டி சரியில்லாத மலிவு மாட்யூலில், படத்தின்மேல் நெளிநெளியான கோடுகளாக வந்து உட்காரும். வெப்பத்தை விரட்டப்போய்ப் படத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இரண்டாம் முறை அவரிடம் வந்ததுண்டு. யுஎஸ்பி-சியில் வேறொரு நுணுக்கம். 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை உரிய முனைகளில் வைக்காவிட்டால், இருபுறமும் சி வகை கொண்ட கேபிளில் சார்ஜர் மின்சாரமே தராது. இது தெரியாமல் கருவி செத்துவிட்டதாக எண்ணி வருந்தியவர்களும் உண்டு. அவர் உண்மையில் வெறுப்பது துளையிடுவதை மட்டுமே. சால்டரை நீக்கிவிடலாம், கம்பியைக் கழற்றிவிடலாம். வெட்டிய நெகிழி திரும்ப வளர்வதில்லை. இந்தப் பிடிவாதத்தால் அவர் சில வேலைகளை இழந்ததும் உண்டு. நியாயமான இழப்பென்றே தோன்றுகிறது.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தக் கருவியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே முப்பது ஆண்டுத் தூசி. கரப்பான் முட்டையின் ஓடு ஒன்று. துருவேறிய ஒரு பத்துப் பைசா நாணயம். அது எவ்வாறு உள்ளே போனது என்பது அச்சிறுவனுக்கே தெரியும். கரும்பசைத் துளிபோல் மூடியிருந்த சில்லுகள் பழுதின்றித் தெரிந்தன. நவீனமான பெஞ்ச் சப்ளை ஒன்றிலிருந்து, மின்னோட்டத்துக்குக் கடுமையான வரம்பு வைத்து, இம்முறை முனைகளை மும்முறை சரிபார்த்து, 9 வோல்ட் கொடுத்தார். ரெகுலேட்டரின் நுழைவுக் காலில் மீட்டர் 9 காட்டியது. வெளியேறும் காலில் பூஜ்யம். அவ்வளவுதான்.

முனைமாறிய மின்சாரம் வரும்போது பெரும்பாலும் முதலில் பலியாவது அந்த மூன்றுகால் துண்டு. சில வேளைகளில் தனக்குப் பின்னால் உள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இங்கே தான் மட்டும் போயிருந்தது. இதை உறுதிசெய்ய, ரெகுலேட்டரைச் சால்டர் உருக்கி எடுத்துவிட்டு, அதன் வெளியேறும் இடத்தில் நேரடியாக 5 வோல்ட் கொடுத்தார். முன்புறச் சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்த பிறகும் நெடுநேரம் அவர் வேலையைத் தொடரவில்லை. இன்று 7805 ஒன்றின் விலை பத்துப் பதினைந்து ரூபாய். அன்று அதைவிடக் குறைவு. மாமாவின் மேசை இழுப்பறையில் அன்றைக்கே அது பொட்டலமாக இருந்தது. மாமா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்திருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும். மாலைக்குள் கருவி ஓடியிருக்கும்.

மறுநாள் புதிய 7805ஐ, பழைய தகட்டிலேயே வெப்பப்பசை தடவித் திருகினார். இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களை மாற்றினார். கேசட் செருகும் இடத்தின் பித்தளை முனைகளைச் சாராயக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தார். பிறகு, யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்தார். மின்துளைக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே நான்கு டயோடுகளைப் பாலம்போல் கோத்து இணைத்தார். அப்பாலத்தின் இயல்பு, எந்த முனை எப்பக்கத்திலிருந்து வந்தாலும் நேர்முனையை நேர்வழியிலும் எதிர்முனையை எதிர்வழியிலும் திருப்பி அனுப்பிவிடுவது. என்இஎஸ் கருவிக்குள் தொடக்கத்திலிருந்தே அது இருந்தது. மாறுமின்சாரம் பெறும் கருவிக்கு அது இன்றியமையாதது. அதனால்தான் அதன் துளையில் நேர்மின்சாரத்தை எந்த முனையில் கொடுத்தாலும் அது ஓடும். நகல் செய்தவர்கள் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தமையால், சில பைசாக்கள் பெறும் அப்பாலம் அவர்களுடைய பெட்டியில் இல்லாமற் போயிற்று.

பாலம் இலவசமாகக் காவல் புரிவதில்லை. மின்சாரம் அதில் ஒரே நேரத்தில் இரு டயோடுகளைக் கடக்கிறது. சாதாரண 4007 வகை என்றால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அங்கேயே கரையும். ஒன்பதில் ஒன்றரை போனால் ஏழரை; ரெகுலேட்டருக்கு வேண்டிய ஏழுக்கு மிக அருகில். எனவே இழப்புக் குறைந்த ஷாட்கி வகையில் 5819 எண்ணுடைய நான்கைத் தேர்ந்தார். இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கியது. வெளியேறும் காலில் மீட்டர் 5.02 காட்டியது.

யுஎஸ்பி-சிக்கு அவர் கண்ட வழி கருவிக்கு வெளியே இருந்தது. சார்ஜரிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கி, மறுமுனையில் வட்டப் பிளக்காக முடியும் கேபிள் இப்போது கிடைக்கிறது. அதன் நடுமுனை நேர். கருவி வேண்டுவது நடுவே எதிர். பாலம் இல்லாதிருந்தால் 1993இன் அதே தவறு, இம்முறை அந்த வீட்டின் சிறுமியின் கையால், மறுபடியும் நிகழ்ந்திருக்கும்.

சனிக்கிழமை அவர் வந்தார். கடையின் சிறிய டிவியில் படம் தெரிந்தது, இசை ஒலித்தது. அவர் கைப்பிடியை எடுத்து ஒரு நிமிடம் ஆடினார். கட்டைவிரல்கள் இடம் மறக்கவில்லை. பிறகு, யுஎஸ்பி-சி எங்கே என்று கேட்டார். கடைக்காரர் கேபிளைக் காட்டினார். பாலத்தைப் பற்றியும் சொன்னார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகவே இருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு இதைக் கெடுத்தது நான்தான்."

அவர் கைப்பிடியைக் கீழே வைத்தார். "மாமா கடைல இருந்த அண்ணா நீங்களா?"

"நான்தான். எலிமினேட்டரைத் தப்பாச் சொருகிட்டேன். ஐசி போகல. போனது இதுதான்." பழைய ரெகுலேட்டரை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

வந்தவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஓசை கேட்டு நின்றது.

"அப்பா லீவுல வந்தப்போ என்னைப் போட்டு அடிச்சாருண்ணா. ராத்திரி பகலா ஆடித்தானே சூட்டுல போச்சுன்னு. அம்மா கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. என் பொண்ணு போனை எடுத்தாக்கூட, வெச்சுடு, உங்கப்பன் மாதிரி சூடாக்கிக் கெடுத்துடாதேன்னு."

கடைக்காரர் தலையைக் குனிந்திருந்தார். மன்னிப்பு என்னும் சொல்லை அவர் வாய் தேடியிருக்கக்கூடும், வந்தது வேறு. "உங்க அம்மாகிட்ட அப்படிச் சொன்னதும் நான்தான் தம்பி."

"இது என்ன வெலண்ணா?"

"இப்போ பதினஞ்சு ரூபா."

"அப்போ?"

"அதைவிடக் கம்மி."

அவர் அந்த மூன்றுகால் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூலி எவ்வளவு என்று கேட்டார், கடைக்காரர் வேண்டாமென்றார், கேபிளுக்குரிய விலையை மட்டும் அவர் எண்ணி மேசையில் வைத்தார். கருவியைப் பைக்குள் வைக்கப்போனவர், பிறகு நின்று, மூலையில் தொங்கிய பழைய மல்ட்டி எலிமினேட்டரைக் காட்டினார்.

"அதுல ஒருதடவை போட்டுக் காட்டுங்கண்ணா. தப்பாவே."

கடைக்காரர் அதை எடுத்துத் தூசி தட்டி, குமிழை ஒன்பதில் வைத்துக் கொடுத்தார். ஸ்விட்ச்சை வந்தவரே தள்ளினார். பிளக்கையும் அவரே செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கினார், ஸ்விட்ச்சை மறுபக்கம் தள்ளிச் செருகினார், எரிந்தது. மீண்டும் பிடுங்கி, மீண்டும் மாற்றினார். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"போதும் தம்பி. அந்த ஸ்விட்ச் பழசு. உடைஞ்சிடும்."